ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்

கேள்வி:

அம்மா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 19 பிள்ளைகள். எல்லாரும் சேர்ந்து வாசித்தால் பக்கத்து வகுப்புவரை கணீரென்று கேட்கும். தனியாக எழுப்பினால் 7 பேர் வாயைத் திறப்பதில்லை, இல்லையென்றால் படத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறார்கள். பெற்றோரில் பாதிப் பேருக்கு ஈப்போ தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. பாட்டி தாத்தாதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் வாசிக்கக் கொடுத்தனுப்பும் புத்தகம் திறக்கப்படாமலே திரும்பி வருகிறது.

அதைவிடப் பெரிய வேதனை என் மகன். அதே பள்ளியில் முதலாம் ஆண்டு. மலாயில் 'போலா', 'மேஜா' என்று வாசித்துவிடுகிறான். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் அழுகை. சமையல், பாத்திரம், நோட்டுத் திருத்தல் எல்லாம் முடிந்து ராத்திரி 9 மணிக்கு உட்காரவைக்கிறேன். பத்து நிமிடத்தில் நான் கத்துகிறேன், அவன் அழுகிறான், மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொல்லித் தர்றே, பெத்த பிள்ளைக்கு முடியல" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர், "இடைநிலைப் பள்ளிக்குப் போனா எல்லாம் மலாய்தானே, தமிழ் வாசிப்ப விட்டுட்டு மலாயையும் ஆங்கிலத்தையும் பிடி" என்கிறார்.

இன்னொன்று. அந்த 7 பேரில் ஒரு பையன் வாய்ப்பேச்சில் வகுப்பிலேயே கெட்டிக்காரன். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால் நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்கு நினைவில் இருப்பதில்லை. "அவங்கப்பனுக்கும் இப்படித்தான், படிப்பே ஏறல" என்கிறார் தாத்தா. நான் என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

19 பேரில் 7 பேர் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கை உங்கள் கையில் இருப்பதே பெரிய விஷயம். பேராக்கில் தோட்டப் பள்ளிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்வந்த காலத்தில், "எத்தனை பேர் வாசிக்கிறாங்க?" என்று கேட்டால் "எல்லாரும் வாசிப்பாங்க, ரெண்டு மூணு பேர் கொஞ்சம் வீக்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். தனியாக எழுப்பிப் பார்த்தவருக்குத்தான் உண்மை நிலவரம் தெரியும். நான் சொல்லப்போவது முழுக்க அந்த ஒரு காரியத்தைப் பற்றித்தான். பிள்ளை தனியாக வாசிக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வகுப்பில் அந்தப் பெரியவர் நீங்கள். பிள்ளைகளின் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ. உங்கள் வீட்டில் மட்டும் நீங்கள் வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சேர்ந்து வாசிப்பது. நாளைக்கு வகுப்பு ஒன்றாக வாசிக்கும்போது முன்னால் நிற்காமல் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நில்லுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையின் குரல் ஒவ்வொரு சொல்லின் கடைசியில்தான் பலமாக வரும். "கோழி குப்பையைக் கிளறியது" என்ற வாக்கியத்தில் "ழி... யைக்... யது" என்று வாலை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அரை நொடி பின்னால், பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தபடி வரும். புத்தகத்தில் கண் இருக்காது. சில சமயம் பக்கமே வேறாக இருக்கும். இதை ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தில் தான் மட்டும் தனியாகத் தெரிந்துவிடக் கூடாது என்று பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வழி இது. இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிற பிள்ளைக்குக் கேட்கும் திறனில் குறையில்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் இந்த வழியிலேயே முதலாம் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் ஓட்டிவிட முடியும் என்பதுதான் ஆபத்து. நான்காம் ஆண்டில் பாடம் நீளும்போது பிள்ளை அப்படியே நின்றுவிடும். அப்போது அந்த ஆசிரியர், "கீழ் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்பார்.

செய்யுளும் மொழியணியும் சேர்ந்து சொல்லட்டும், பாட்டையும் சேர்ந்து பாடட்டும். வாசிப்புப் பகுதியை மட்டும் இந்தத் தவணை முடியும்வரை கூட்டமாக வாசிக்க விடாதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு 4 பிள்ளைகளைக் கேளுங்கள், ஆளுக்கு ஒரு நிமிடம். வெள்ளிக்கிழமைக்குள் 19 பேரும் முடிந்து, ஒரு இடம் மிஞ்சும். அந்த இடத்தில் 7 பேரில் ஒருவரை இரண்டாம் முறை கேட்கலாம். இரட்டைப் பாடவேளையின் 60 நிமிடத்தில் இதற்குப் போவது ஐந்தாறு நிமிடம்தான். 150 மாணவர்களுக்குக் குறைந்த பள்ளியை 'குறைந்த மாணவர் பள்ளி' என்று பட்டியலிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து குடும்பங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போகப் போக, நம் பள்ளிகள் பலவும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டன. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் வாசிப்புச் சொல்லித்தருகிறவருக்கு 19 பேர் என்பது கொடுத்துவைத்த எண்ணிக்கை. நகரத்தில் 38 பேரை வைத்திருக்கும் ஆசிரியை இதற்காக ஏங்குவார்.

பிள்ளையை எழுப்பி நிற்கவைக்க வேண்டாம். உங்கள் நாற்காலியை அவனுடைய மேசைக்குப் பக்கவாட்டில் போட்டு உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் பிள்ளை உங்கள் முகத்தைப் படிக்கும், புத்தகத்தைப் படிக்காது. தடுமாறினால் உடனே சொல்லைச் சொல்லிவிடாமல் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், விளக்கம் வேண்டாம். உங்கள் நோட்டில் தவறிய சொல்லை மட்டும் குறிக்காமல், பிள்ளை அதை எப்படிச் சொன்னதோ அப்படியே எழுதுங்கள். அந்தத் தவறான உச்சரிப்பில்தான் நோய் தெரியும்.

அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் இருவர் இருவராக, ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பின்தொடரட்டும். சத்தம் இருக்கும். முதல் வாரம் ஒரே சந்தைக்கடையாக இருக்கும், இரண்டாம் வாரம் அடங்கிவிடும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் நோட்டைக் காட்டுங்கள். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தான பிறகு, உங்கள் வகுப்புப் பிள்ளையின் நிலையை நாம் வகுப்பறை மதிப்பீட்டில்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அடைவுநிலை 2 போட்டீர்களா, 4 போட்டீர்களா, ஏன் போட்டீர்கள் என்று யாராவது கேட்டால், தேதி போட்ட இந்தக் குறிப்பைவிட நல்ல சான்று கிடையாது. தனியாக ஒரு கோப்பு திறக்க வேண்டியதில்லை, இதுவே போதும்.

எந்தப் பகுதியைக் கொடுப்பது? நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே வகுத்த ஓர் அளவு பல நாடுகளில் புழங்குகிறது. 100 சொல்லில் 95-ம் அதற்கு மேலும் சரியாக வந்தால் பிள்ளை தானே வாசிக்கக்கூடிய பகுதி. 90 முதல் 94 என்றால் ஆசிரியர் துணையோடு வாசிக்கலாம். 90-க்குக் கீழே போனால் அந்தப் பகுதி அந்தப் பிள்ளைக்குக் கடினம். ஆங்கிலத்தை வைத்து எழுந்த அளவு அது. நம் சொற்கள் விகுதியெல்லாம் ஒட்டி நீளமானவை, ஆகவே கொஞ்சம் தாராளமாகவே கணக்குப் போடுங்கள். 20 சொல் கொண்ட சிறு பகுதியில் இரண்டு தவறுவரை பரவாயில்லை. நான்கு ஐந்து என்று போனால் பகுதியை மாற்றுங்கள். உங்கள் 7 பேருக்கு இரண்டாம் ஆண்டுப் பாடநூல் இப்போதைக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். முதலாம் ஆண்டுப் பகுதியைக் கொடுக்க வெட்கப்பட வேண்டாம். அட்டையை மாற்றி, ஐந்து வாக்கியத்தை நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாலும் சரி. பிள்ளைக்கு மானம் போகாது.

இப்போது அந்த 7 பேர். அவர்களை ஒரே குழுவாக வைத்துப் பின்தங்கிய மாணவர் என்று பெயர் கொடுத்து ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பதுதான் வழக்கம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே சொன்ன கோழி வாக்கியத்தையே ஆளுக்கொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று விதமாகப் பிரிவார்கள்.

ஒரு பிள்ளை "கேரழி" என்று வாசிக்கும். கேட்பதற்கு உளறல் போல இருக்கும், ஆனால் கண்ணில் பட்டதை அந்தப் பிள்ளை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறது. கோ என்பதில் இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது, க நடுவில், கால் பின்னால். இடமிருந்து வலமாகப் போகும் கண், கொம்பையும் க-வையும் சேர்த்து 'கே' என்று முடித்துவிடுகிறது. மிச்சமிருக்கும் காலைப் பார்த்தால் ர மாதிரி இருக்கிறது. ஆகவே கேர. இந்தப் பிள்ளைக்கு 247 எழுத்தையும் அட்டவணை போட்டுத் திரும்ப ஒப்பிக்க வைப்பது வீண். கொம்பு வரும் எழுத்துகளை மட்டும் இரண்டு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கொ, கோ முழுவதையும் ஒரே வண்ணச் சாக்கில் எழுதி ஒரு வட்டத்துக்குள் போடுங்கள், அடுத்த எழுத்தை வேறு வண்ணத்தில் எழுதுங்கள். பிறகு கொடி, கோடி. தொடு, தோடு. பெட்டி, பேட்டி. கொம்பு மாறினால் பொருளே மாறுகிறது என்று பிள்ளை தன் காதால் கேட்கும்போது கண் கவனிக்க ஆரம்பிக்கும்.

இரண்டாவது வகைப் பிள்ளைக்கு எழுத்தெல்லாம் தெரியும். "கோ... ழி... கு... ப்... பை..." என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லும். சொல்லி முடிக்கும்போது சொல் கையில் இருக்காது. தம்பி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "த, ம், பி" என்று பிரித்துச் சொல்லும்போது அந்தப் 'பி', பிள்ளை என்பதில் வரும் பி. தன் தம்பியைக் கூப்பிடும்போது அந்தப் பிள்ளையின் வாயில் வரும் ஒலி அது இல்லை. எனவே தினம் வீட்டில் கூப்பிடுகிற சொல்லைப் புத்தகத்தில் பார்க்கும்போது அடையாளம் தெரிவதில்லை. நம் வல்லினம் இடத்துக்கு இடம் ஒலி மாறும் என்பதைப் பெரியவர்கள் நாம் மறந்தேபோய்விட்டோம். இந்தப் பிள்ளைகளுக்கு ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்பவற்றை ஒரே துண்டாகப் பழக்குங்கள். தங்கை, பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று. ஒற்றெழுத்தைத் தனியாக நிறுத்தாமல் முன் எழுத்தோடு சேர்த்து, "தங்... கை", "பாம்... பு" என்று இரண்டு மூச்சில் சொல்லட்டும். பிறகு க்க, ட்ட, த்த, ப்ப. அங்கே ஒலி அழுத்தமாக வரும்.

இவர்களுக்கு இன்னொரு மருந்து, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை வாசிப்புப் பயிற்சியில் நிலைபெற்றுவிட்டது. ஐம்பது அறுபது சொல் கொண்ட பகுதியைத் திங்கள் முதல் வியாழன்வரை தினம் ஒரு முறை வாசித்தால், திங்களன்று தட்டுத் தடுமாறிய பிள்ளை வியாழனன்று ஓரளவு பேசுகிற வேகத்தில் வாசிக்கும். "மனப்பாடம் பண்ணிட்டான் டீச்சர்" என்று பெற்றோர் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். மனப்பாடம் என்றால் அங்கே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது பிள்ளைதான் நம்மை ஏமாற்றிவிடும். "கோழி குப்பையைக் கிளறியது" என்று பிசிறில்லாமல் வாசிக்கும். கோழி என்ன செய்தது என்று கேட்டால் மௌனம். அந்தப் பிள்ளையின் வீட்டில் கோழி குப்பையைக் 'கிண்டும்', வாக்கியம் 'கிண்டிச்சு' என்று முடியும். மகிழுந்து என்று புத்தகத்தில் இருக்கும், வாசலில் நிற்பது காடி. பள்ளிக்கு வருவது வேனில். எழுத்தைக் கூட்டி வாசிப்பதும், மொழியைப் புரிந்துகொள்வதும் இரண்டு தனித் திறன்கள், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு என்று காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் எழுதினார்கள். பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று சுழியாக இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழிதான். இந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி தரவே வேண்டாம். பாடத்தைத் திறப்பதற்கு முன் அந்தக் கதையை வீட்டுத் தமிழில் பேசுங்கள். கோழி என்ன பண்ணுச்சு, நீ எங்கே பார்த்தே என்று பேசவிட்டு, பிறகு "புத்தகத்தில் இதைக் கிளறியது என்று எழுதுவார்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டுத் தமிழைத் திருத்தாதீர்கள். பிள்ளை புத்தகத் தமிழுக்கு ஏறிவர அந்தத் தமிழ்தான் படி.

வீட்டுக்குப் போகும் புத்தகம் திறக்கப்படாமல் திரும்பி வருகிறது என்கிறீர்கள். புத்தகத்தோடு என்ன சொல்லி அனுப்புகிறோம் என்று பாருங்கள். "வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள்" என்று அனுப்புகிறோம். ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெம்பு இல்லை. பால்மரம் வெட்டிய காலத்தில் தோட்டப் பள்ளியில் நாலைந்து வகுப்பு படித்த பாட்டிக்கு, தான் சொல்லிக்கொடுப்பது சரிதானா என்ற பயம். படித்தவர்களுக்கும் சங்கடம் உண்டு. பழைய பாணியில் முன்னால் துதிக்கை போட்டு ணை, லை எழுதிப் பழகியவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பிறகு நம் பாடநூல்களும் மாறிக்கொண்டன. "நீ எழுதுறது தப்பு பாட்டி" என்று பேரன் சொன்ன அன்றே அந்தப் பாட்டி புத்தகத்தை மூடிவைத்திருப்பார்.

எனவே சொல்லிக்கொடுக்கச் சொல்லாதீர்கள், கேட்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. பிள்ளை வகுப்பில் ஏற்கெனவே நான்கு முறை வாசித்த பகுதியை வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்புங்கள், புதிய பகுதி கூடவே கூடாது. பாட்டிக்குக் காதால் கேட்டே தெரிந்துவிடும். "என்னடா அது, கேரழின்னா என்ன?" என்று கேட்டாலே போதும், பிள்ளை திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். கையெழுத்துப் போடத் தயங்குபவர்களுக்கு கட்டம் போட்ட ஓர் அட்டை கொடுத்து, கேட்டு முடித்ததும் ஒரு கட்டத்தில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரச் சொல்லி இதை விளக்க வேண்டாம், வரமாட்டார்கள். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில், கோயில் திருவிழாவில் பார்க்கும்போது, ஒருவர் ஒருவராகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீடு.

ராத்திரி 9 மணிப் பாடத்தை இன்றோடு நிறுத்துங்கள். காலையில் இருட்டோடு எழுந்து பள்ளிக்குப் போன 7 வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் அழுவது சோம்பலால் இல்லை. நீங்களும் அப்போது ஒரு நாள் முழுக்க 19 பிள்ளைகளோடு பேசிக் களைத்த மனுஷி. இருவருக்கும் அந்த நேரத்தில் தேவைப்படுவது தூக்கம்.

மகனுக்கு என்ன குறை என்று எனக்குத் தோன்றவில்லை. மலாயில் 'போலா' என்பது நான்கு எழுத்து, நான்கு ஒலி, முன்னும் பின்னும் புரளாது. ரூமியில், அதாவது மலாயை எழுதும் ரோமன் எழுத்தில், 26 எழுத்தை வைத்துக்கொண்டு பிள்ளை சீக்கிரமே ஓட ஆரம்பித்துவிடும். நம் எழுத்துகளை உள்வாங்க நாளாகும். கன்னடம் கற்கும் பிள்ளைகளைக் கவனித்துச் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்விலும், உயிர்க்குறி சேரும் எழுத்துகள் முழுதாக வசப்பட ஓரிரு ஆண்டு போதாது, மேல்வகுப்புவரை நீளும் என்றே தெரிந்தது. மெய்யோடு உயிர்க்குறி சேரும் முறையில் தமிழ் எழுத்தும் கன்னட எழுத்தும் ஒன்றுபோலத்தான். முதலாம் ஆண்டில் மலாயில் முந்தித் தமிழில் பிந்துவது இயல்பு. ஆனால் தமிழ் வாசிப்பென்றால் அம்மா கத்துவார் என்று அவன் மனத்தில் பதிந்துவிட்டால், அதை எடுப்பதுதான் கஷ்டம்.

அதனால்தான் அவன் வாசிப்பைக் கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டாம் என்றேன். சிறிது காலத்துக்கு அவன் உங்கள் மாமியாரிடம் வாசிக்கட்டும். அவரிடம் போய் உதவி கேளுங்கள். "அத்தை, நான் உட்கார்ந்தா அழறான், உங்ககிட்டதான் ஒட்டிக்கிறான், சாயங்காலம் அஞ்சு நிமிஷம் அவன் வாசிக்கிறத மட்டும் கேளுங்க" என்று. அவர் அன்றைக்குச் சொன்ன சொல் உங்களைச் சுட்டிருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். பிள்ளை மேல் உள்ள பாசத்தில் வந்த சொல்லாக அதை எடுத்துக்கொண்டு, அந்தப் பாசத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். பள்ளியிலிருந்து வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, விளையாடப் போவதற்கு முன் ஐந்து நிமிடம். வாசித்துவிட்டு மைலோ குடித்துவிட்டுத் திடலுக்கு ஓடட்டும். நீங்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருங்கள். தவறு காதில் விழும், கை பரபரக்கும். வெளியே வராதீர்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. படுக்கப் போகும்போது நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவன் வாசிக்க வேண்டாம். முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள், 'இது என்ன எழுத்து' என்று விரல் வைக்காதீர்கள். புத்தகத் தமிழ் அவன் காதில் ஏறட்டும், அம்மா மடியில் ஏறட்டும். களைப்பாக இருக்கும் நாளில் ஒரே பக்கம் போதும். ஒரு பக்கமும் முடியாத நாளில் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மளிகைக்கடை அப்பளப் பாக்கெட் எல்லாம் அவன் கையில் கிடைக்கட்டும். தெரிந்த பெயரை அவனே தேடிக் கண்டுபிடிக்கும் நாள் வரும். டியூஷனுக்கு அனுப்பலாமா என்ற யோசனை இருந்தால், முதலாம் ஆண்டில் வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. மகன் இடைநிலைப் பள்ளியில் திணறக் கூடாது என்ற பயம் அவருக்கு. ஆனால் தமிழ் வாசிப்பை விட்டால் மலாய்க்கு நேரம் கிடைக்கும் என்ற கணக்கு சரியாக வராது. வாசிப்பு என்ற வித்தையை ஒரு மொழியில் கற்றுக்கொண்ட பிள்ளை அதை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்கிறது என்ற கருத்தை இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே முன்வைத்தார். கதையின் போக்கைப் பிடிப்பது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, புரியாத சொல்லில் நின்று யோசிப்பது எல்லாம் தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியில்தான் முதலில் பழகும். 'மேஜா' என்று வாசிக்கும் உங்கள் மகனிடம் மலாயில் ஒரு முழுக் கதையைக் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு புரிகிறது என்று தெரிந்துவிடும். உண்மையில் அவன் வயதுப் பிள்ளைகள் குழம்புவது மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் இடையில்தான். சி, ஏ, டி என்ற அதே மூன்று எழுத்தை மலாய்ப் பாடத்தில் 'சாட்' என்று வாசித்தால் சாயம், அடுத்த பாடவேளையில் 'கேட்' என்று வாசித்தால் பூனை. தமிழ் இந்தக் குழப்பத்தில் இல்லவே இல்லை. வீட்டுக்காரரிடம் ஒரு வேலை கேளுங்கள். விடுமுறை நாளில் மகனோடு உட்கார்ந்து மலாய்ப் புத்தகத்தை அவர் வாசித்துக் காட்டட்டும். அவருடைய கவலைக்கும் அது பதில்.

கடைசியாக அந்தப் பையன். உங்கள் கடிதத்தில் என்னை உடனே பதில் எழுதவைத்தது அவன்தான். மற்ற ஆறு பேருக்குச் சொன்னது அவனுக்குப் போதாது என்று நினைக்கிறேன். நன்றாகப் பேசுகிறான், கதையை அப்படியே பிடித்துக்கொள்கிறான், எழுத்து மட்டும் நிற்கவில்லை, அப்பாவுக்கும் அப்படியே இருந்திருக்கிறது. இவை சேர்ந்து வரும்போது டிஸ்லெக்சியாவை, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமத்தை, நினைக்க வேண்டும். அது குடும்பத்தில் வழிவழியாக வருவது உண்டு, அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்களோ நானோ அதை முடிவு செய்ய முடியாது, ஆனால் தொடங்கிவைக்க முடியும். முதலில் கண்ணும் காதும். பள்ளிச் சுகாதாரக் குழு முதலாம் ஆண்டில் பார்த்த கண் பரிசோதனையின் முடிவை எடுத்துப் பாருங்கள், அன்று வராமல் போயிருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து, டிஸ்லெக்சியாவைக் கண்டறிய ஆசிரியர்கள் நிரப்பும் கல்வி அமைச்சின் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது. தலைமையாசிரியரிடமோ சிறப்புக் கல்விப் பொறுப்பாளரிடமோ கேளுங்கள். உங்கள் ஒரு நிமிடக் குறிப்புகளை நான்கு வாரத்துக்குச் சேர்த்து வைத்துக்கொண்டு அதை நிரப்பினால், ஊகம் இல்லாமல் நிரப்பலாம். அதன் பிறகு உறுதிப்படுத்துவது மருத்துவரின் வேலை.

காத்திருக்கும் நாட்களில் அவனுக்கு வாரத்துக்கு இரண்டே எழுத்து. மணலிலோ அரிசித் தட்டிலோ விரலால் எழுதி, எழுதும்போதே வாயால் சொல்லட்டும். மற்றப் பாடங்களில் கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டி, பதிலை வாயால் வாங்கிக்கொள்ளுங்கள். அறிவியலில் அவனுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று அப்போது தெரியும், வகுப்புக்கும் தெரியட்டும்.

தாத்தாவிடம் பேசும்போது அப்பாவையும் கூப்பிடுங்கள். ஷிப்ட் ஒத்துவரவில்லை என்றால் போனில் பேசினாலும் சரி. மகனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அவர் பள்ளியில் படித்த காலத்தில் எதெல்லாம் கஷ்டமாக இருந்தது என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார். அப்பாவும் அவன் கூடப் போனால் நல்லது.